சுமைகூலி முக்கால் பணம்

ஏங்கண்ணு, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதே. சைக்கிள் உன்னையச் சுமக்கறதுக்கா, நீ சைக்கிளைச் சுமக்கறதுக்கா?

மலையேறுற சைக்கிளுன்னாங்க. வெலை ரெண்டு லட்சம்னாங்க. சரி, ரெண்டு லட்சம் குடுத்தா மலையேறாம வேற என்ன பண்ணும்னு நானும் நெனச்சேன். இப்பப் பாத்தா, மலை வரைக்கும் அது போறதுக்குக் கார் வேணுமாம். கார்ல ஏத்தறதுக்கு ஸ்டாண்டு வேணுமாம். ஸ்டாண்டு மாட்டறதுக்குக் காருக்கு ஒசக்கக் குறுக்கால ரெண்டு கம்பி வேணுமாம். கம்பி நிக்கறதுக்கு நாலு காலு. காலை எவனும் கழட்டிக்கிட்டுப் போகாம இருக்கப் பூட்டு. பூட்டுக்குச் சாவி. சாவி தொலைஞ்சா அதுல போட்டிருக்கற நெம்பரைச் சொல்லி வேற சாவி வாங்கோணுமாம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னு சொல்லி வெச்சாங்களே பெரியவங்க, ஒரு காலத்துல சுண்டைக்காயே ரெண்டு லட்சத்துக்கு விக்கும்னு அவங்க கனாக் கண்டிருப்பாங்களா, பாவம்?

பெருசு வாயைத் தொறந்துருச்சு, 'மிதிச்சுக்கிட்டே போடா'ன்னு சொல்லப் போவுதுன்னு நெனைக்கறே. சொல்ல மாட்டேன். எனக்கும் கண்ணு இருக்குது. உன்ற சைக்கிள் டயரைப் பாத்தேன். ரெண்டரை இஞ்ச் அகலம், முச்சூடும் கட்டை கட்டையாப் பல்லு. அதை வெச்சுக்கிட்டு கோயமுத்தூர் காந்திபுரத்துல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் தார் ரோட்டுல மிதிச்சீன்னா டயரும் தேயும், நீயும் தேஞ்சிருவே. லாரிக்காரன் வேற ஒரசிக்கிட்டுப் போவான். அடிவாரம் வரைக்கும் கார்ல கொண்டு போறது நாயந்தான். நான் சிரிக்கறது அதுக்கில்ல. ஒரு ஸ்டாண்டு வாங்கறதுக்கு நீ பண்ற அலும்பு இருக்குதே, அதுக்குத்தான்.

ராத்திரி முச்சூடும் செல்போன்ல வீடியோ. அமெரிக்காக்காரன் ஒருத்தன் பனியில நின்னுக்கிட்டு, ஆறு சிலிண்டர் லாரி பின்னால மாட்டிக் காட்டறான். நீ வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கறே. உன்ற கார் சரவணம்பட்டியில வேப்பமரத்தடியில, காக்கா எச்சத்தோட நிக்குது. அவனுக்கு அந்தக் காரைத் தெரியுமா? அதுக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு உனக்காச்சும் தெரியுமா?

கேட்டா, கம்பெனி பேரைச் சொல்றே. துலே. சுவீடன் சரக்கு. வாஸ்தவந்தான், நல்ல சரக்கு. அந்தக் கம்பெனி 1942ல மொதமொதல்ல என்ன வித்துதுன்னு தெரியுமா? மீன் புடிக்கற பொறி. எரிக் துலின்னு ஒருத்தர் ஆத்து மீனுக்குப் பொறி செஞ்சு வித்தாரு. இருவது வருசம் கழிச்சுத்தான் காருக்கு ஒசக்க ஏறுனாங்க. அப்ப மீன் புடிச்ச கை, இப்ப உன்னையப் புடிச்சிருக்குது.

இன்னொன்னும் சொல்றேன். இதெல்லாம் என்ற பேரன் காட்டுனதுதான், நான் ஒன்னும் சீமைக்குப் போகல. இந்த மலைச் சைக்கிள் வெளையாட்டையே தொடங்குன பசங்க கலிபோர்னியாக்காரனுங்க. 1976 அக்டோபர்ல, ஃபேர்ஃபேக்ஸ்னு ஒரு ஊருக்கு மேக்கால மலையில இருந்து எறக்கத்துல பந்தயம் உட்டானுங்க. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லின்னு இன்னைக்குப் பெரிய பேரு. அன்னைக்கு என்ன சைக்கிள் வெச்சிருந்தானுங்க? அப்பங்காரன் காலத்துப் பழைய ஷ்வின், பலூன் டயர். பின்னால மிதிச்சா நிக்கற பிரேக்கு. கீழ வந்து சேர்றதுக்குள்ள வீல் நடுவுல இருக்கற கிரீஸெல்லாம் புகைஞ்சு போயிரும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சுப் புதுசாக் கிரீஸ் அடைக்கோணும். அதை மலை மேல எப்படிக் கொண்டு போனானுங்க? பிக்கப் லாரியில தூக்கிப் போட்டு. ஒன்னு மேல ஒன்னு. பூட்டும் இல்ல, சாவியும் இல்ல. உலகம் முச்சூடும் பரவுன வெளையாட்டு ஸ்டாண்டே இல்லாமத்தான் ஆரம்பிச்சுது கண்ணு.

நம்ம ஊர்லயும் அப்படித்தான். தனியார் பஸ் ஒசக்கக் கேரியர் இருந்த காலத்துல சைக்கிள் என்ன, வாழைத்தாரு, கோழிக்கூடை, கட்டில் எல்லாம் ஒட்டுக்காப் பயணம் போகும். கிளீனர் பையன் ஒத்தைக் கையில சைக்கிளை வாங்கி, தேங்காநாரு கயித்துல ஒரு சுருக்கு. அவ்வளவுதான். அதுக்காக நீயும் அப்படியே போடுன்னு சொல்லல. அந்தக் கேரியர் இரும்பு. அது நின்ன பஸ்ஸும் இரும்பு. உன்ற கார் அப்படியா?

அங்கதான் நாயமே இருக்குது. எல்லாரும் ஸ்டாண்டைப் பாக்கறீங்க. ஸ்டாண்டு எது மேல உக்காருதுன்னு ஒருத்தனும் பாக்க மாட்டேங்கறீங்க. தலையில சுமை தூக்கறவளுக்குச் சும்மாடு பட்டுல இருந்தா என்ன, பழந்துணியில இருந்தா என்ன? கழுத்துத் தாங்கோணுமல்ல? ஸ்டாண்டு சும்மாடு. கார்தான் கழுத்து.

கார்க் கம்பெனிக்காரன் ஒசக்க எத்தனை கிலோ ஏத்தலாம்னு புஸ்தகத்துல எழுதியே குடுத்திருக்கான். காருக்குக் கார் மாறும். 50ன்னும் இருக்கும், 75ன்னும் இருக்கும், ஒன்னுமே ஏத்தாதேன்னும் இருக்கும். அந்தக் கணக்கு சைக்கிளுக்கு மட்டும்னு நெனச்சுக்காதே. கம்பி, காலு, தட்டு எல்லாம் அதுக்குள்ளதான் வரோணும். உன்ற சைக்கிள் ஒன்னு 15 கிலோன்னு வெச்சுக்குவோம். ரெண்டுக்கு 30. ரெண்டு தட்டும் குறுக்குக் கம்பியும் சேந்து 15ல இருந்து 20 கிலோ ஆயிரும். ஆச்சா 50? இதுல உன்ற சினேகிதன் ஒருத்தன் மோட்டார் வெச்ச மலைச் சைக்கிளைத் தூக்கிக்கிட்டு வருவான். அது ஒன்னே 22, 25 கிலோ இருக்கும். ஒசக்க மாட்டற தட்டுல முக்காவாசி, சைக்கிள் ஒன்னுக்கு 20 கிலோ வரைக்குந்தான் தாங்கும். பேட்டரியைக் கழட்டி உள்ள வெச்சா ஒரு மூனு கிலோவாச்சும் கொறையும். அதைக் கூடச் செய்ய மாட்டான், ரெண்டு பேருமாப் புடிச்சு அப்படியே ஏத்துவானுங்க.

கடையில ஒருத்தன் கார் ஒசக்க ஏறி நின்னு காட்டுவான். "பாருங்க சார், ஆள் நின்னாலே தாங்குது." நிக்கற கார் தாங்காம என்ன? ஓடற கார்ல பிரேக் அடிச்சுத் திரும்பறப்ப அல்ல இருக்குது சேதி. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கல்லட்டியில 36. கொல்லிமலையில 70. ஒவ்வொரு வளைவுலயும் அந்த அம்பது கிலோ ஒருக்கா இந்தப் பக்கம் இழுக்கும், ஒருக்கா அந்தப் பக்கம் இழுக்கும். கடைக்காரன் வந்து வளைவுல ஏறி நிப்பானா?

இன்னொரு கூத்து. காருக்கு ஒசக்க ரெண்டு பக்கமும் பளபளன்னு நீட்டுக் கம்பி ஓடுதல்ல? அதைப் பாத்ததும், 'ஆகா, சைக்கிள் கட்டறதுக்குன்னே வெச்சிருக்கான்'னு நீ நெனச்சுக்குவே. நம்ம ஊர்ல விக்கற காருங்கள்ல நெறைய அது வெறும் சோடனை. பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்டியிருப்பான். ஒரு பை கட்டுனாக் கூடப் பேந்து வந்துரும். எது நெசக் கம்பி, எது வேசக் கம்பின்னு புஸ்தகத்துல இருக்கும். கடையில இருக்காது. நெசக் கம்பியே இல்லாத காருக்கும் கதவு ஓரத்துல இறுக்கிப் புடிக்கற காலு இருக்குது, பாத்துக்க. அது காருக்குன்னு அளவெடுத்து வர்றது. பக்கத்து வீட்டுக் காருக்கு வாங்குனது உன்ற காருக்கு ஆகாது.

ஒசக்க ஏத்தறதுல நல்லதே இல்லையான்னு கேட்டா, இருக்குது. டிக்கி தொறக்கலாம். நெம்பர் பிளேட்டு மறையாது. சைக்கிள் ஒன்னோட ஒன்னு ஒரசாது. கெட்டது என்னன்னா, காத்து மோதி மைலேஜ் கொறையும். அப்பறம், தூக்கோணும். நீ உசரமான கார் வாங்கியிருக்கறே. சேறு படிஞ்ச 15 கிலோச் சைக்கிளை, மலையெல்லாம் உருண்டு களைச்சு வந்த கையோட, தலைக்கு மேல தூக்கி, தட்டுல நேரா எறக்கோணும். ஒருக்காத் தவறுச்சுன்னா பெடல் கார்ல கோலம் போட்டுரும். போகறப்ப நீ ஏத்துவே. வர்றப்ப யாரு ஏத்துவா?

எல்லாத்துக்கும் மேல உசரம். சின்னக் கார் அஞ்சடி. அதுக்கு மேல சைக்கிள் நெட்டுக்குத்தலா நின்னா மூனரை அடிக்கு மேல. ஏறக்குறைய ஒம்பது அடி ஆச்சு. உன்ற அடுக்குமாடியில கார் நிறுத்தற பாதாளம் எத்தனை அடி? ஏழு சொச்சம் இருக்கும். பீளமேட்டுப் பக்கம் ஒரு பையன், கோத்தகிரி போயிட்டுப் பொழுதோட வந்தான். நல்ல பையன், அமைதியான பையன். களைப்புல ஒசக்க சைக்கிள் இருக்கறதையே மறந்துட்டான். எறக்கத்துல நேரா உட்டான் காரை. உத்தரம் அசையல. சைக்கிள் அப்படியே பின்னால சாஞ்சு, தட்டு புடுங்கிக்கிட்டு, கம்பியோட காலு கார் கூரைத் தகரத்தைக் குழியாக்கிருச்சு. முன்னால ரெண்டு காலு ஃபோர்க்கு வளைஞ்சு போச்சு. வாட்ச்மேன் மட்டும், "நான் விசில் அடிச்சனுங்க சார்"ன்னாரு. பாட்டு ஓடிக்கிட்டிருந்துது கார்ல, எங்க கேக்கும்? நீ ஒசக்க ஏத்தறவனா இருந்தா ஸ்டீரிங்குல ஒரு செவப்புத் துணியைக் கட்டு. உள்ள உக்காந்தா மொதல்ல அதுதான் தெரியோணும். கௌரவக் கொறைச்சலா இருக்குதா? ஃபோர்க்கு வெலையைக் கேட்டுட்டு வா, கொறைச்சல் தெரியாது.

"அப்ப ஒசக்க வேண்டாம் தாத்தா, பின்னால வார் போட்டுக் கட்டற ஸ்டாண்டு வாங்கிக்கறேன்"ங்கறே. வெலை கம்மி. மடிச்சு அட்டாலியில போட்டுக்கலாம். சரி, எங்க கொக்கியை மாட்டுவே? டிக்கிக் கதவு ஓரத்துல. ஒசக்க இருக்கற மூக்கு, அதான் ஸ்பாய்லர், பிளாஸ்டிக். அதுல மாட்டுனா மூக்கறுந்துரும். எந்தக் காருக்கு எது பொருந்தும்னு நல்ல கம்பெனிக்காரன் பட்டியலே போட்டிருக்கான். உன்ற கார் பேரு அதுல இல்லைன்னா, கடைக்காரன் என்ன சத்தியம் பண்ணுனாலும் வாங்காதே.

பொருந்துதுன்னே வெச்சுக்குவோம். சைக்கிள் நீளம் எத்தனைன்னு அளந்து பாத்தியா? பெரிய வீல் வெச்ச மலைச் சைக்கிள் ஆறடிக்கு மேல, 1.9 மீட்டர் வரும். சின்னக் கார் அகலம் 1.7 மீட்டர். குறுக்கால மாட்டுனா ரெண்டு பக்கமும் வீல் நாலு விரக்கடை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். நீ ஓட்டறப்ப உனக்குத் தெரியாது. குன்னூர் ரோட்டுல வளைவுல எதிர்ல பஸ் வருது. டிரைவர் கண்ணாடிக்கும் உன்ற கண்ணாடிக்கும் நடுவுல ஒரு விரல்தான் எடம். கார் தப்பிச்சுக்கும். பின்னால வர்ற வீல்? முன் வீலைக் கழட்டிட்டு மாட்டு, பாதித் தலைவலி போகும்.

நெம்பர் பிளேட்டு மறையும். பின் லைட்டு மறையும். போலீஸ்காரர் நிறுத்துனா அவரு மேல தப்பில்ல. ரிவர்ஸ் எடுத்தா கார் கீங் கீங்னு கத்திக்கிட்டே இருக்கும், சைக்கிளைச் சுவருன்னு நெனச்சுக்கிட்டு. டயர் சைலன்சருக்கு நேரா தொங்குதான்னு பாரு. அந்தச் சூட்டுல டயர் உருகியிருக்குது, கார்பன் ரிம்மே வெந்து போயிருக்குது. அப்பறம் மெத்தை. ஸ்டாண்டுல ரப்பர் மெத்தை வெச்சிருக்கான், கீறாதுன்னு நெனைக்கறே. கார் மேல புழுதி இருந்துச்சுன்னா மெத்தையும் புழுதியும் சேந்து உப்புத்தாள் வேலை பாத்துரும். மாட்டறதுக்கு முன்னால ஈரத்துணியில தொடை. இதுக்கு எந்த வீடியோவும் வேண்டாம்.

இதுலயும் உன்ற சைக்கிளுக்குன்னு ஒரு தொந்தரவு. முன்னாலயும் பின்னாலயும் ஸ்பிரிங்கு வெச்ச சைக்கிள். நம்ம பழைய சைக்கிள்னா நடுவுல நேராக் கம்பி இருக்கும், தூக்கி ரெண்டு கையில தொங்க உட்டரலாம். உன்றது சாஞ்சு, கோணி, நடுவுல ஷாக் அப்சார்பர் உக்காந்திருக்குது. எங்க தொங்க உடுவே? சீட்டுத் தண்டைப் புடிச்சுத் தொங்கவுட்டா, அது பட்டனை அமுக்குனா ஏறி எறங்கற சீட்டுத் தண்டு, கெட்டுப் போகும். கார்பன் ஃபிரேமை இறுக்கிப் புடிக்கற கிளாம்புல வெச்சா வெடிப்பு உழும். சைக்கிள் கம்பெனிக்காரனே அப்படிப் புடிக்காதேன்னு எழுதி வெச்சிருக்கான். அதனால மலைச் சைக்கிளுக்கு வீலைப் புடிக்கற ஸ்டாண்டுதான் சரி. ஒசக்க ஆனாலும் சரி, பின்னால ஆனாலும் சரி, ஃபிரேம்ல கை வெக்காததை வாங்கு. இந்த ஒரு விசயத்துல மட்டும் நீ காசைப் பாக்காதே.

அப்படிப்பட்டதுல நல்லது எதுன்னா, காருக்குப் பின்னால இழுவைக் குழாயில சொருகற தட்டு. இடுப்பு உசரத்துல இருக்கும், பொம்பளப் புள்ளைங்க கூடச் சுளுவா ஏத்தும். அமெரிக்காவுல ஒவ்வொருத்தனும் அதான் வெச்சிருக்கான், நல்லதா ஒன்னு 700, 800 டாலர். நம்ம காசுக்கு அறுவதாயிரத்துக்குக் கொறையாது. இங்கதான் உன்ற மச்சான் வர்றாரு. டெக்சாஸ்ல இருந்து நோம்பிக்கு வர்றப்ப, "மாப்பிள்ளைக்கு"ன்னு ஒன்னைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. ஸ்டாண்டே 23 கிலோ. ஏரோப்ளேன்ல ஒரு பொட்டிக்கு உண்டான எடை மொத்தமும் அதுக்கே போச்சு, அக்கா கேட்ட சாமான் ஒன்னும் வரல. வீட்டுல பிரிச்சுப் பாத்தா, சொருகற முனை ரெண்டு இஞ்ச் சதுரம். அங்க வண்டிகளுக்கு ரெண்டு இஞ்ச் இல்ல ஒன்னேகால் இஞ்ச் ஓட்டை இருக்குமாம். உன்ற காருக்குப் பின்னால எந்த ஓட்டையும் இல்ல. ஐரோப்பாக்காரனுக்கு அதுவும் இல்ல, அவன் 50 மில்லி மீட்டர் குண்டு வெச்சிருக்கான். இப்ப அந்த ஸ்டாண்டு கார் ஷெட்டுல நிக்குது, உங்கம்மா துணி காயப்போடறாங்க. நல்லாத்தான் தாங்குது.

"ஓட்டைதானே, நம்ம கணபதிப் பட்டறையில வெல்டு பண்ணி வெச்சுக்கலாம்"னு அடுத்த ரோசனை வரும். கோயமுத்தூர்க்காரனுக்கு வெல்டிங்குல வராதது என்ன? மோட்டார், பம்பு, கிரைண்டருன்னு ஊரே லேத்துல பொழைக்குது. ஆனா பட்டறைக்காரர் எதுல வெல்டு வெப்பாரு? அம்பாசிடர் பம்பர்னா இரும்பு, மாட்டையே கட்டலாம். இப்பப் பம்பர் பிளாஸ்டிக். அதுக்குப் பின்னால ஒரு தகரம். சின்னக் காருக்குத் தனியாச் சேசிஸ் கெடையாது, முழு ஒடம்பே சேசிஸ். நெனச்ச எடத்துல ஓட்டை போட்டு முறுக்கக் கூடாது. வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவுன்னு ஒன்னு இருக்குது. முன்னால குண்டாந்தடிக் கம்பி வெச்சுக்கிட்டு சுத்துனானுங்களே, அதையும் 2017 டிசம்பர்ல வேண்டாம்னுட்டாங்க. ஒரு நாளைக்கு இடிச்சுதுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல காருக்குப் பின்னாலதான் குனிஞ்சு பாப்பான்.

காத்தை உறிஞ்சி ஒட்டிக்கற ரப்பர்க் கிண்ணம் வகையும் இருக்குதாம். கண்ணாடியில கூட ஒட்டுமாம். பம்புல ஒரு கோடு வெளிய தெரிஞ்சா பிடி தளருதுன்னு அர்த்தமாம். புழுதி ரோட்டுல ஒவ்வொரு டீக்கடையிலயும் எறங்கி அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே போறவன் வாங்கிக்கட்டும்.

இத்தனையும் கேட்டுட்டு முழிக்காதே. வருசத்துக்கு எத்தனை நாள் போகப் போறே, சொல்லு. ஆரம்பத்துல எல்லாரும் வாரா வாரம்னுதான் சொல்வீங்க. மழை, கண்ணாலம், ஆபீஸ் சோலின்னு போக, எத்தனை ஞாயித்துக்கெழமை மிச்சம்? எத்தனை பேரு போறீங்க? நீயும் உன்ற சினேகிதனுமா? அப்படீன்னா ஸ்டாண்டே வேண்டாம் கண்ணு. பின் சீட்டை மடி. பழைய ஜமுக்காளத்தை விரி. சைக்கிளை உள்ள போடு.

சிரிக்காதே, அதுலயும் பதம் இருக்குது. முன் வீலைக் கழட்டு. ஆறு மில்லி மீட்டர் அலன் சாவி ஒன்னு போதும், சிலதுக்குக் கையிலயே நெம்புகோல் இருக்கும். கழட்டுனதும் பிரேக்கைப் பாரு. உன்றது எண்ணெய்ப் பிரேக்கு. நடுவுல டிஸ்க்கு இல்லாதப்ப லீவரை யாராச்சும் அமுக்குனா, ரெண்டு பேடும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். அங்க போயி வீலை மாட்டலாம்னா டிஸ்க்கு நுழையாது. மலையடிவாரத்துல நின்னுக்கிட்டு ஸ்குரூ டிரைவர் கேட்டு அலையோணும். அதுக்குன்னு புது சைக்கிளோட சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு தருவான். நீ அதைக் குப்பையில போட்டிருப்பே. போச்சாது, கெட்டி அட்டையை ரெண்டா மடிச்சுப் பேடுக்கு நடுவுல சொருகு, அது போதும். அப்பறம் சைக்கிளைப் படுக்க வெக்கறப்ப செயின் பக்கம் ஒசக்கப் பாக்கோணும். கீழ போட்டீன்னா பின்னால தொங்கற கியர் வளைஞ்சு, மலையில பாதி வழியில செயின் தாவிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது சைக்கிளைத் தலைமாத்திப் போடு, நடுவுல ஒரு போர்வை. ரெண்டு வீலையும் ஓரமா நிறுத்து. நெம்பர் பிளேட்டு பளிச்சுன்னு இருக்கும், உத்தரம் இடிக்காது, மைலேஜ் கொறையாது, டீக்கடையில நிறுத்துனா எவனும் அவுத்துக்கிட்டுப் போக மாட்டான். சீட்டுல சேறு ஆகுமேங்கறியா? மலைச் சைக்கிள் வாங்கிட்டுச் சேத்துக்கு வெசனப்பட்டா எப்படி?

உள்ள போட்டா மலைச் சைக்கிள் வெச்சிருக்கறது ஊருக்குத் தெரியாதேன்னு ஒரு வெசனம் இருக்குமே, அதுக்கு மருந்து என்கிட்ட இல்ல. சில காருங்களைப் பாக்கறேன், தீபாவளியில இருந்து தை நோம்பி வரைக்கும் ஸ்டாண்டு ஒசக்கவே இருக்குது. சைக்கிள் வீட்டுல காத்து எறங்கி நிக்குது. ஸ்டாண்டு மட்டும் மலை பாக்கப் போயிட்டு வருது.

மூனு நாலு பேரு, வீடு நெறையப் புள்ளைங்க, நெசமாவே மாசம் ரெண்டு தடவை போறீங்கன்னா, ஸ்டாண்டு வாங்கு. நானே சொல்றேன். நல்லதா வாங்கு. கட்டுன பொறவு பத்துக் கிலோமீட்டர் போயி நிறுத்தி, எல்லா வாரையும் காலையும் ஒருக்காக் கையை வெச்சு அசைச்சுப் பாரு. தளர்றதுல நெறைய மொதப் பத்துக் கிலோமீட்டர்லயே தளரும். கொக்கி வெச்ச இழுவை ரப்பரை நம்பாதே, அது தெறிச்சா கண்ணுக்கு ஆபத்து. முன் வீல் ஆடாம இருக்கப் பழைய சைக்கிள் டியூபை நீட்டுக்கு அறுத்துக் கட்டு. டிவிஎஸ் 50ல நெல்லு மூட்டை கட்டுன டியூபு, உன்ற கார்பன் சைக்கிளையும் புடிச்சுக்கும். அப்பறம், ஊட்டின்னா இ-பாஸ் எடுத்துக்க, 2024 மே மாசத்துல இருந்து கேக்கறாங்க. காட்டுத் தடத்துல எறங்கறதா இருந்தா வனத்துறைக்காரங்ககிட்டக் கேட்டுட்டு எறங்கு. யானைக்கு உன்ற சைக்கிள் பிராண்டு தெரியாது.

ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னால அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுரு. எங்க இருக்குதுன்னு கேக்காதே. கார்ல இடது பக்கம், டேஷ்போர்டு பொட்டிக்குள்ள, வாங்குன அன்னைக்குப் போட்ட பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காம இருக்கும். அதை எடு மொதல்ல.